காணாமல் போன நாற்பத்து மூன்று மாதங்கள்

வில்மா ஸாரெக் அழவில்லை. இனெஸ் கால்டரை உறுத்தியது அதுதான்.

பீச் தெருவில், காது கேட்கும் கருவி விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருந்த இனெஸின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அழுவார்கள், கத்துவார்கள், ஒருமுறை ஒருவர் நாற்காலியை எட்டி உதைத்து அதன் காலை உடைத்திருக்கிறார். நாற்பத்தொரு வயது வில்மாவோ, ஏரிக்காற்றில் நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, மேசைமேல் வைத்த கடிதத்தின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல.

"படிங்க," என்றாள்.

இனெஸ் படித்தாள். மாநிலத் தணிக்கைத் துறையில் இருபத்திரண்டு வருடம் காகிதங்களைத் துரத்திவிட்டு, ஐம்பது வயதுக்கு மேல் துப்பறியும் உரிமம் வாங்கியவள் அவள். பென்சில்வேனியா மாநிலத்து எரி நகரத்தில் ஓடிப்போன கணவனைத் தேட வேறு ஆட்கள் உண்டு. ஓடிப்போன எண்களைத் தேட இனெஸ் ஒருத்திதான்.

ஜன்னலோரம் நின்று, பெப்பரோனி இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டிப் பந்து தின்றுகொண்டிருந்த அவளுடைய உதவியாளன் பர்ல் டோபின், "கெட்ட சேதியா?" என்று கேட்டான். பீட்சா டெலிவரி வேலையிலிருந்து வந்தவன். நகரத்தின் எல்லாக் கதவும் தெரியும், எந்தக் கதவுக்குப் பின்னால் எப்போது வாயை மூடவேண்டும் என்பது மட்டும் தெரியாது.

"காலேஜ் கடனுக்கு நூத்தி இருபது தவணை கட்டினேன்," என்றாள் வில்மா. "பத்து வருஷம். போன மாசம் கடைசித் தவணை. அதோட மிச்சம் அறுபத்தோராயிரம் டாலரை அரசாங்கம் தள்ளுபடி பண்ணணும். ஆனா எழுபத்தேழு தவணைதான் செல்லும்னு எழுதியிருக்காங்க. நடுவுல நாப்பத்து மூணு மாசத்தைக் காணோம்."

"திருட்டுப் போறதுக்கு மாசம் என்ன சைக்கிளா?" என்றான் பர்ல்.

யாரும் சிரிக்கவில்லை.

"பர்ல், இப்படி உக்காரு," என்றாள் இனெஸ். விளக்கம் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அவளுடைய குரலில் ஒரு துள்ளல் வந்துவிடும். "பொதுச்சேவையில வேலை பாக்கறவங்களுக்கான தள்ளுபடி இது. நாலு கால் நாற்காலி மாதிரி. ஒண்ணு, கடன் மத்திய அரசே நேரடியாக் கொடுத்ததா இருக்கணும். ரெண்டு, வருமானத்துக்கு ஏத்த மாதிரி தவணை கட்டற திட்டத்துல இருக்கணும். மூணு, முழுநேர வேலை. நாலு, முதலாளி அரசாங்கமாவோ லாபம் பாக்காத நிறுவனமாவோ இருக்கணும். எந்த மாசம் நாலு காலும் தரையில நிக்குதோ, அந்த மாசம் ஒண்ணு. அப்படி நூத்தி இருபது மாசம். ஒரு கால் ஆடினா அந்த மாசம் கணக்குல இல்ல."

"எந்தக் கால் ஆடுது?"

"நாலாவது. அந்த நாப்பத்து மூணு மாசமும் இவங்க முதலாளி லேக்ரிட்ஜ் சிறப்புப் பள்ளி இல்லையாம். டார்வெல் பணியாளர் சேவைன்னு ஒரு கம்பெனி. ஃபுளோரிடாவுல, ஃபோர்ட் மையர்ஸ்."

"நான் ஃபுளோரிடாவுக்குப் போனதே இல்ல," என்றாள் வில்மா. "பேச வராத பசங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கறேன். பத்து வருஷமா அதே ரூம். பே ஸ்லிப்புல ஸ்கூல் முத்திரைதான் இருக்கும். வருஷக் கடைசியில ஒரு சம்பளச் சான்று வரும், அப்படியே வரி ஆளுகிட்ட கொடுத்துடுவேன். அதுல முதலாளி கட்டத்தை யார் பாக்கறாங்க?"

"யாரும் பாக்கறதில்ல," என்றாள் இனெஸ். "ஸ்கூல்ல கேட்டீங்களா?"

"கணக்கு மேலாளர் மர்வின் ஹெக்கைக் கேட்டேன். அந்த வருஷங்கள்ல நீங்க டார்வெல் ஆளு, நாங்க உங்களை வாடகைக்குத்தான் எடுத்திருந்தோம்னார். டார்வெல்லோட போட்ட ஒப்பந்தத்தைக் காட்டுங்கன்னேன். தண்ணியில போயிடுச்சாம்."

ஹெக் சொன்னதை அவள் சொன்ன விதத்தில் கோபம் எதுவும் இல்லை. நேற்றைய வானிலையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"உங்களுக்கு என்ன வேணும், வில்மா?"

வில்மா இடது கை மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். "மே மூணாம் தேதி எனக்குக் கல்யாணம். தீயணைப்புப் படை மண்டபத்துல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உறுதி பண்ணலன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. கஸ்ஸும் நானும் நிச்சயம் பண்ணி ஒன்பது வருஷமாச்சு. கல்யாணம் பண்ணினா அவன் வருமானத்தையும் சேர்த்து என் தவணையைப் போடுவாங்க, மூணு மடங்கு ஆகும். கடன் முடியட்டும்னு உக்காந்திருந்தோம். இன்னும் நாப்பத்து மூணு மாசம்னு சொன்னா, சரின்னு காத்திருப்பான். அவன் அப்படித்தான். அதை அவன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல." கடிதத்தை மடித்தாள். "மண்டபத்துக்குப் போன் பண்ணி என்ன சொல்லணும்? அது தெரிஞ்சாப் போதும்."

* * *

வில்மா கொண்டுவந்த ஷூ பெட்டி நிறைய பே ஸ்லிப்புகள். இனெஸ் அவற்றைச் சீட்டுக்கட்டு போல மேசைமேல் பரப்பினாள். வில்மா சோபாவில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதான் பாதை ரெண்டாப் பிரியுது," என்றாள் இனெஸ். "வெளிக் கம்பெனி ரெண்டு விதம். ஒரு கம்பெனி ஆளை வேலைக்கு எடுத்து, அந்த ஆளை ஸ்கூலுக்கு வாடகைக்கு அனுப்பும். அப்ப கம்பெனிதான் முதலாளி. லாபத்துக்கு நடக்கற கம்பெனி, அதனால அந்த மாசம் செல்லாது. இன்னொரு கம்பெனி ஸ்கூல் சார்பா சம்பளம் போடற வேலையை மட்டும் பாக்கும். வருஷச் சான்றுலயும் அதோட பேருதான் இருக்கும். ஆனா முதலாளி ஸ்கூல்தான். அந்த மாசம் செல்லும். விதியிலயே அப்படி இருக்கு."

"பாங்க் நம்ம கணக்குல சம்பளம் போடுது. அதனால நாம பாங்க் மேனேஜர் ஆயிடறதில்ல," என்றான் பர்ல். "சரி, இவங்க எந்த விதம்?"

"ஒப்பந்தத்தைப் பார்த்தாத் தெரியும். பொதுப்பணத்துல நடக்கற ஸ்கூல், அதனால ஒப்பந்தம் பொது ஆவணம். யார் வேணா கேக்கலாம். ஆனா பதில் சொல்ல அஞ்சு வேலை நாள். வேணும்னா இன்னொரு முப்பது நாள் இழுக்கலாம்."

"நமக்கு இருக்கறது ஒரு நாள்."

"அதனால ஸ்லிப்பைப் பாரு."

பர்ல் பார்த்தான். பத்து நிமிடம் கழித்து ஒரு ஸ்லிப்பை வெளிச்சத்தில் பிடித்தான். இன்னொன்றை எடுத்தான். பிறகு அவசரமாக வேறு இரண்டைத் தேடி எடுத்தான்.

"மேடம், ஒரு விஷயம். காணாமப் போன மாசங்கள்ல வர்ற நாலு நவம்பர்லயும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு அடுத்த திங்கட்கிழமைக்கு இவங்களுக்கு எட்டு மணி நேரச் சம்பளம் போட்டிருக்கு."

"அதுக்கென்ன?"

"அன்னிக்கி இந்தப் பக்கத்துல எந்த ஸ்கூல் திறந்திருக்கு? எனக்கு அல்ஜீப்ரா தெரியாது, ஆனா மான் வேட்டை ஆரம்பிக்கற நாள் தெரியும். ஒன்பதாம் வகுப்புலேர்ந்து அந்தத் திங்கட்கிழமை நான் மரத்துமேலதான் இருக்கேன்."

இனெஸ் பென்சிலைக் கீழே வைத்தாள்.

பென்சில்வேனியாவின் இந்தப் பகுதியில் அந்த நாள் லீவு என்பது எழுதாத சட்டம். பாதி வாத்தியாரும் பாதி மாணவர்களும் துப்பாக்கியோடு காட்டில் இருப்பார்கள் என்பதால், பள்ளிகள் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும். எந்த தேசிய விடுமுறைப் பட்டியலிலும் அது கிடையாது.

"வாடகை ஆள் அனுப்பற கம்பெனி, வேலை பார்த்த மணிக்குத்தான் காசு தரும்," என்றாள் இனெஸ் மெதுவாக. "மான் நாளுக்குச் சம்பளம் கொடுன்னு ஃபோர்ட் மையர்ஸ்காரன்கிட்ட கேட்டா என்ன சொல்வான்?"

"முதலை வேட்டைக்குன்னா யோசிக்கலாம்னுவான்."

"லீவு விட்டது ஸ்கூல். லீவுக்குச் சம்பளம் முடிவு பண்ணினது ஸ்கூல். டார்வெல் சொன்ன தொகைக்குச் செக் மட்டும் போட்டிருக்கு." இனெஸ் சோபா பக்கம் திரும்பினாள். "வில்மா, உங்களை வேலைக்கு எடுத்ததும் பனிப்புயல் நாள்ல வரவேணாம்னு போன் பண்ணினதும் யாரு?"

"எப்பவும் பிரின்சிபல்தான்."

"அப்புறம் ஏன் ஹெக் பொய் சொல்லணும்?" என்றான் பர்ல்.

இனெஸ் இரண்டு ஸ்லிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று அந்த நாற்பத்து மூன்று மாதங்களுக்கு முந்தையது. மற்றது அதற்குள் வருவது. முதலாவதில் மாநில ஓய்வூதிய நிதிக்கு ஒரு வரி இருந்தது. இரண்டாவதில் அந்த வரியே இல்லை.

"இதான் காரணம். ஸ்கூல் ஊழியர்னா, சம்பளத்துக்கு மேல ஓய்வூதிய நிதிக்கு ஸ்கூல் தன் பங்கைக் கட்டணும். வெளி ஆள்னா கட்டவேணாம். ஹெக் நிதிக்காரங்ககிட்ட 'எங்க ஆள் இல்ல'ன்னு சொல்லிக் காசை மிச்சம் பிடிச்சிருக்கார். உங்களை மாதிரி எத்தனை பேர், வில்மா?"

"பதினாலு."

"பதினாலு பேர், மூணரை வருஷம். இன்னிக்கி உங்க தள்ளுபடி ஃபார்ம்ல 'எங்க ஆள்தான்'னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஓய்வூதிய நிதி வந்து கதவைத் தட்டும்."

"ஓ," என்றாள் வில்மா.

* * *

லேக்ரிட்ஜ் பள்ளி, ஏரியோரச் சதுப்பை மண் போட்டு நிரப்பி, அதன்மேல் பரப்பிக் கட்டிய ஒற்றைத் தளக் கட்டடம். கணக்கு அறையின் தடுப்புக்குப் பின்னால் மர்வின் ஹெக் நின்றுகொண்டே பேசினார். அவருடைய டையில் சின்னச் சின்னப் பாய்மரப் படகுகள்.

"டார்வெல் ஒப்பந்தமா? மூணு வருஷம் முன்னாடி பேஸ்மென்ட்டுல தண்ணி புகுந்துடுச்சுங்க. பெட்டி பெட்டியாப் போயிடுச்சு."

"நகல்?"

"எழுத்துல கேளுங்க. அஞ்சு வேலை நாள். தேவைப்பட்டா இன்னும் முப்பது நாள் எடுத்துக்கச் சட்டம் இடம் கொடுக்குது."

"நனைஞ்ச பேப்பருக்குப் பதில் எழுத முப்பது நாளா?" என்றான் பர்ல். "காயவெக்கணும் போல."

ஹெக் சிரித்தார். சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. "எனக்கு மீட்டிங் இருக்கு. வில்மா நல்ல பொண்ணு. அவங்களுக்காக வருத்தப்படறேன்." கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அறையில் மிஞ்சியது சம்பளக் கிளார்க் ஒருத்தி. கொரீன் ஆட்லி என்று மேசைமேல் பெயர்ப்பலகை. முப்பத்து மூன்று வயது இருக்கும். தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். திரைக்கு மேலே மஞ்சளும் பச்சையுமாக ஒரு காகித வளையச் சங்கிலி தொங்கியது.

"கிறிஸ்துமஸ் தோரணத்தை ஏப்ரல் வரைக்கும் கழட்டாத சோம்பேறி நான் ஒருத்தன்தான்னு நெனச்சேன்," என்று பர்ல் கையை நீட்டினான்.

"தொடாதீங்க." குரல் கூர்மையாக வந்தது. பிறகு தணிந்து, "கிழிஞ்சிடும். எனக்கு எதுவும் தெரியாதுங்க. அவர்தான் பாக்கறார்" என்றாள்.

இனெஸ் சங்கிலியைப் பார்த்தாள், நன்றி சொன்னாள், வெளியே வந்தாள்.

காரில் ஏறியதும், "எத்தனை வளையம்?" என்று கேட்டாள்.

"எட்டு. ஏன், உங்க வீட்டுக்கும் வேணுமா?"

"ஒவ்வொரு வளையத்துலயும் ஒரு மாசத்துப் பேர். ஏப்ரல்ல ஆரம்பிச்சு நவம்பர்ல முடியுது. ஸ்கூல்ல வேலை பாக்கறவங்க பொதுவா எதை எண்ணுவாங்க?"

"ஜூன் லீவை."

"அப்ப நவம்பர்ல என்ன?"

"மான்."

"அந்தப் பொண்ணு மான் வேட்டைக்குப் போற மாதிரியா இருந்தா?"

பர்ல் யோசித்தான். "மானே அவதான்ங்கற மாதிரி இருந்தா."

"கடன் வாங்கினவங்க வீட்டு ஃபிரிட்ஜ்மேல நான் நிறையப் பார்த்திருக்கேன். நூத்தி இருபது வளையம் கோத்து மாட்டுவாங்க. ஒரு தவணை கட்டினா ஒரு வளையத்தைக் கிழிப்பாங்க. இவ நூத்திப் பன்னெண்டு கிழிச்சுட்டா."

* * *

மதிய உணவு நேரத்தில் கொரீன் தன் காரிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டாள். ஆலங்கட்டியும் மழையும் கலந்து கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. இனெஸ் கண்ணாடியைத் தட்டி, "இன்னும் எட்டுதானே?" என்றாள்.

கொரீன் மெல்லுவதை நிறுத்தினாள். கதவின் பூட்டைத் திறந்தாள். இனெஸ் பக்கத்து இருக்கையிலும் பர்ல் பின்னாலும் ஏறிக்கொண்டார்கள்.

"வில்மா ஃபார்ம்ல முதலாளி கட்டத்துல டார்வெல் நம்பரை டைப் பண்ணினது நான்தான்," என்றாள் கொரீன். "அவர் சொன்னார், பண்ணினேன். தப்புன்னு தெரியும். ஆனா எட்டு மாசம் இருக்குங்க. எட்டே மாசம். இப்ப வேலையை விட்டுத் தூக்கினா மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்."

"யார் சொன்னா?"

"எதை?"

"மறுபடி ஒண்ணுலேர்ந்துன்னு."

"மிஸ்டர் ஹெக். கடன் இருக்கற எல்லார்கிட்டயும் சொல்வார். 'இங்கேருந்து போனா உன் கணக்கு பூஜ்யம், பாத்துக்கோ'ன்னு."

பின் இருக்கையில் பர்ல் மெல்ல விசிலடித்தான். "கயிறே இல்லாம கட்டிப் போட்டிருக்கான்."

இனெஸ் உடம்பை முழுசாகத் திருப்பி உட்கார்ந்தாள். "கொரீன், நல்லாக் கேளு. அந்த எண்ணிக்கை ஸ்கூலோடது இல்ல. உன்னோடது. உன் பேர்ல, உன் கடன்மேல ஒட்டியிருக்கு. நூத்தி இருபதும் ஒரே இடத்துல கட்டணும்னு விதி இல்ல. தொடர்ச்சியாக் கட்டணும்னும் இல்ல. இன்னிக்கி வேலை போகுது, மூணு மாசம் சும்மா இருக்கேன்னு வெச்சுக்கோ. அந்த மூணு மாசம் ஏறாது, அவ்வளவுதான். நாலாவது மாசம் நகராட்சியில சேர்ந்தா நூத்திப் பதிமூணுலேர்ந்து ஓடும். ஏறினது இறங்காது."

"இறங்காதா?"

"இறங்காது."

"ஃபார்ம்ல அப்படி எங்கயும் போடலையே."

"பூஜ்யம் ஆயிடும்னும் போடல," என்றான் பர்ல்.

கொரீன் ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.

"மூணு வருஷம் முன்னாடி லைப்ரரியில வேலை கொடுத்தாங்க," என்றாள். "சம்பளம் கூட. வீட்டுக்கு நடந்து போற தூரம். வேண்டாம்னுட்டேன். அதுவும் செல்லுமா?"

"நகர நூலகம்னா அரசாங்கம். செல்லும்."

கொரீன் தலையாட்டினாள். சாண்ட்விச்சை அதன் காகிதத்தில் சுற்றினாள். ஓரங்களை ஒழுங்காக மடித்தாள். காலையில் வில்மா கடிதத்தை நீவிய அதே நிதானம்.

"அந்த ஒப்பந்தம் பொது ஆவணம்," என்றாள் இனெஸ். "யார் கேட்டாலும் காட்டவேண்டியது. நீ காட்டினா அது திருட்டு இல்ல. அவர் மறைக்கறதுதான் தப்பு. இதுக்காக உன்னைத் தூக்கினா, அடுத்த வழக்கை நானே எடுத்துக்கறேன், காசு வாங்காம."

"தண்ணியில போன ஒப்பந்தத்தை எங்க போய்த் தேடறது?" என்றான் பர்ல்.

கொரீன் முதல்முறையாகத் திரும்பி அவனைப் பார்த்தாள். "எந்தத் தண்ணி?"

"பேஸ்மென்ட்டுல புகுந்த தண்ணி."

"இது சதுப்பு நிலம்ங்க. இந்த ஸ்கூலுக்குப் பேஸ்மென்ட்டே கிடையாது."

கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். ஏழு நிமிடத்தில் திரும்பி வந்து, ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் உறையை நீட்டினாள். ஒன்பது பக்கம். இனெஸ் மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, சத்தமாகப் படித்தாள்:

"'பணியாளர்கள் அனைவரும் பள்ளியின் ஊழியர்களாகவே நீடிப்பர். டார்வெல் நிறுவனம் பள்ளியின் சார்பில் சம்பளப் பட்டுவாடாவும் அதைச் சார்ந்த சான்றுகளும் வழங்கும் பணியை மட்டும் செய்யும்.' கையெழுத்து, மர்வின் ஹெக்."

* * *

"ஒரு சந்தேகம்," என்றான் பர்ல், வில்மாவின் குடியிருப்பை நோக்கி ஓட்டிக்கொண்டே. "ஒன்பது வருஷம் கல்யாணம் பண்ணாம இருந்தாங்களே. நிஜமாவே மூணு மடங்கு ஆகியிருக்குமா?"

"புருஷன் பொண்டாட்டி வரிக் கணக்கைச் சேர்த்துத் தாக்கல் பண்ணினா, ரெண்டு வருமானத்தையும் சேர்த்துத்தான் தவணை போடுவாங்க. அவங்க திட்டத்துல..." இனெஸ் நிறுத்தினாள்.

"சேர்த்துத் தாக்கல் பண்ணினா சரி. பண்ணாட்டி?"

"ரோட்டைப் பாரு, பர்ல்."

வில்மாவின் சமையலறை மேசை முழுக்க அட்டைப்பெட்டிகள். கல்யாணத்தில் விருந்தாளிகளுக்கு விதவிதமான பிஸ்கட் பரப்பி வைக்கும் குக்கி மேசைக்காக கஸ்ஸின் அத்தைகள் இப்போதே சுட்டு அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். பெட்டிகளை ஓரமாக நகர்த்தி இனெஸ் ஒப்பந்தத்தை விரித்தாள். எந்த வரி, என்ன அர்த்தம், இனி என்ன செய்யவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"மறுபரிசீலனை கேட்டு எழுதறோம். ஒப்பந்தத்தையும் ஸ்லிப்புகளையும் வருஷச் சான்றுகளையும் இணைக்கறோம். ஹெக் கையெழுத்துப் போடலன்னாலும் இந்த ஆதாரங்களை வெச்சு முடிவு பண்ணச் சொல்லிக் கேக்கலாம். பதில் வர மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் வேலையை விடாதீங்க. நடுவுல தவணை கட்டினா, நூத்தி இருபதுக்கு மேல கட்டினது திரும்பி வரும். பதினாலு பேரோட ஓய்வூதியத்துக்குத் தனியா எழுதறேன்."

"அந்த நாப்பத்து மூணு?"

"திரும்பி வந்துடும். எனக்குச் சந்தேகம் இல்ல."

"கல்யாணம்?"

"நூத்தி இருபதும் கட்டி முடிச்சாச்சு. இனிமே நீங்க யாரைக் கட்டிக்கிட்டாலும் அது குறையாது. மண்டபத்துக்குச் சரின்னு சொல்லுங்க."

"சரி," என்றாள் வில்மா. மண்டபத்துக்குப் போன் செய்தாள். பெயர், தேதி, இருநூறு பேர் என்று சொன்னாள். வைத்தாள். மேசையருகே நின்றாள். சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் நின்று அது வருகிறதா என்று பார்ப்பவள் போல இருந்தாள்.

பர்ல் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து மூடினான்.

"ஒன்பது வருஷம் முன்னாடி கடன் கம்பெனியில போன் எடுத்தவன் சொன்னான்," என்றாள் வில்மா. "'புருஷனோட சேர்த்து வரி தாக்கல் பண்ணினா தவணை ஏறும்'னு. அந்த வாக்கியம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு." இனெஸைப் பார்த்தாள். "தனித்தனியாத் தாக்கல் பண்ணியிருந்தா?"

எதைக் கேட்டாலும் நாற்காலி, கால், வளையம் என்று உதாரணத்தோடு ஆரம்பிக்கிற இனெஸ், இந்த முறை ஒரு குக்கிப் பெட்டியை ஓரத்துக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

"உங்க வருமானத்தை மட்டும்தான் பார்த்திருப்பாங்க," என்றாள். "உங்க திட்டத்துல ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். தவணை ஏறியிருக்காது."

"அப்ப நஷ்டமே இல்லையா?"

"வரி கொஞ்சம் கூட ஆகும்."

"எவ்வளவு?"

"உங்க ரெண்டு பேர் வருமானத்துக்கு, வருஷத்துக்கு எண்ணூறு டாலர் ஆகியிருக்கலாம்."

"எண்ணூறு," என்றாள் வில்மா.

உட்கார்ந்தாள். ஒப்பந்தத்தின் ஒன்பது பக்கங்களையும் அடுக்கி, மேசைமேல் தட்டி ஓரம் சேர்த்தாள். மறுபடி தட்டினாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன.

போன் அடித்தது.

"சொல்லு, கஸ். ஆமா, மே மூணுதான். மண்டபத்துக்குச் சொல்லிட்டேன்... ஆமா, தள்ளுபடி கிடைச்சிடும்ங்கறாங்க. அந்தம்மா இங்கதான் இருக்காங்க." அந்தப் பக்கம் ஒருவன் வாய்விட்டுச் சிரிப்பது சமையலறை முழுக்கக் கேட்டது. பிறகு அவன் ஏதோ கேட்டான்.

வில்மா இனெஸைப் பார்த்தாள். இனெஸ் பார்வையை விலக்கவில்லை.

"இல்ல, கஸ்," என்றாள் வில்மா. "அவங்க வேற ஒண்ணும் சொல்லல."